மூன்றாம் பேஸ் பக்கத்து நாற்காலி

திருமூர்த்திமலையான் துணை

ஐசலின்,
9.4.2000

அன்புக் கண்ணு வான்மதிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும், உன் அம்மாவும், அவளுடைய சர்க்கரையும், என்னுடைய முழங்கால் வலியும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நாட்டின் மறுகோடியில் நீயும், உன் பழைய காரும், நீ ஆசையாக வாங்கிவைத்துத் தண்ணீர் ஊற்ற மறக்கும் அந்தக் கறிவேப்பிலைச் செடியும் சௌக்கியம்தானா? ஈமெயில் போடுங்கப்பா, ஈமெயில் போடுங்கப்பா என்கிறாய். போட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஒரே மூச்சில் படித்துவிட்டு 'ஓக்கேப்பா' என்று பதில் போட்டு முடித்துவிடுவாய். ஒன்பது வயதில் உடுமலைப்பேட்டையை விட்டு வந்தவள் நீ, தமிழை இன்னமும் உதடு அசைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க உனக்கு அரை ஞாயிற்றுக்கிழமையாவது பிடிக்கும். அந்த அரை நாளும் நீ என் பேச்சைக் கேட்டுக்கொண்டு என்னோடு இருந்தாக வேண்டும், வேறு வழியில்லை. இது நான் திட்டமிட்டுச் செய்த சதி.

இந்த வருஷம் பனி கொட்டியது பார், நம் வீட்டு டிரைவ்வேயில் நான் அள்ளிப்போட்ட பனியைச் சேர்த்துவைத்திருந்தால் திருமூர்த்தி மலைக்கு ஒரு தம்பியை உண்டாக்கியிருக்கலாம். உன் அம்மா உன் ரூமைத் தினமும் கூட்டுகிறாள். யாரும் நடக்காத ரூமில் எங்கிருந்து குப்பை வரும் என்று கேட்டதற்கு, "உங்க கடுதாசியும் பேப்பரும் பறந்து போயி அங்கதான் உழுகுது" என்கிறாள். கதவு சாத்தித்தான் இருக்கிறது. சரி, அவளோடு வாதாட முடியுமா? பருப்புப் பொடியும், அரிசி முறுக்கும் தனிப் பார்சலாக வருகிறது. பருப்புப் பொடியைச் சோற்றில் போட்டு நெய் ஊற்றித் தின்ன வேண்டும், போன தடவை மாதிரி பிரெட்டில் தடவித் தின்றதாக அம்மாவிடம் சொல்லித் தொலைக்காதே, இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை பேச்சு வாங்கினேன்.

இனி ராஜாங்க விஷயத்துக்கு வருகிறேன். நம் நாரைப் படை இந்த வருஷமும் போருக்குத் தயாராகிறது. நம் ஊர் பேஸ்பால் டீமுக்கு ரேரிட்டன் ஹெரன்ஸ் என்று டிக்கெட்டில் போட்டிருப்பதெல்லாம் ஊருக்காக, நமக்கு என்றைக்கும் நாரைப் படைதான், நீ வைத்த பெயர். அதற்கு நான்தான் நிரந்தர ஆலோசகர், அந்தப் பதவியை யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பொங்கலன்றைக்கு நீ போனில் பேசியபோது, கம்பெனியில் ஏதோ பெரிய சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறது, இந்த சம்மர் முழுக்க வர முடியாது, "என் சீட்டை யாருக்காச்சும் குடுத்துடுங்கப்பா, வேஸ்ட்டா போகும்" என்றாய். அதற்கென்ன கண்ணு, பேஷாகக் கொடுத்துவிடுகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன் அல்லவா? சிரிப்பு நன்றாக இருந்ததா? நீ போனை வைத்த பிறகும் நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றேன். உன் அம்மா வந்து, "போனு கட்டாயி எத்தன நேரமாச்சு, அதைப் புடிச்சுட்டு நின்னா மறுபடியும் பேசுமா?" என்று வாங்கி மாட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை ஓக் ட்ரீ ரோடு தோசைக் கடையில் வழக்கமான மகாசபை கூடியது. சபை என்றால் உன் கந்தசாமி அங்கிளும் பத்மநாபன் அங்கிளும்தான், ஆனால் சத்தம் இருநூறு பேருக்கு இருக்கும். மறந்திருக்க மாட்டாய், கந்தசாமி பொள்ளாச்சிக்காரர், டெலிபோன் கம்பெனியில் இன்ஜினியர், இன்னொருவர் மயிலாப்பூர்க்காரர், ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர், மருந்து தீர்ந்துபோனால் நோயாளியோடு ஐந்து நிமிஷம் பேசினாலே போதும் என்பார்கள். நீ போனபிறகு சபையில் நடுவர் இல்லை. நீ இருந்தால் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, கடலையை உரித்துக்கொண்டே "அங்கிள், ரெண்டு பேரும் தப்பு" என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவிடுவாய். அந்த சபையில் நான் எழுந்து நின்று, கையைத் தூக்கி, ராஜா மாதிரி ஒரு பிரகடனம் செய்தேன். கேட்டுக்கொள். இந்த சீசன் முதல் ஆட்டத்தில் நம் படைக்கு யார் கேட்ச்சராக இறங்குவான் என்று சரியாகச் சொல்கிறவருக்கு, என் மகள் வான்மதியின் நாற்காலி முழு சீசனுக்கும் பரிசு!

சாதாரண நாற்காலியா அது? மூன்றாம் பேஸ் பக்கம், கூரைக்குக் கீழே, மழை பெய்தால் நனையாது, வெயில் அடித்தால் கண் கூசாது. இவர்கள் இருவருக்கும் கிடைத்திருப்பதோ தூணுக்குப் பின்னால், பாதி ஆட்டத்தைத் தூண் பார்க்கும், மீதிப் பாதியை இவர்கள் பார்ப்பார்கள். இரண்டு வருஷமாக உன் நாற்காலியை எப்படி ஏக்கத்தோடு பார்த்தார்கள் என்பது உனக்கே தெரியும், நீ பாத்ரூம் போய்வருவதற்குள் யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்திருப்பார். அதனால் என் பிரகடனத்தைக் கேட்டதும் இருவரும் பேச்சற்றுப் போனதை ஆனந்த அதிர்ச்சி என்று நினைத்தேன். தோசைக் கடைக்காரர்கூட, இவர்கள் மௌனமாக இருக்கிறார்களே, உடம்புக்கு என்ன என்று எட்டிப் பார்த்துவிட்டு பில்லை வைத்துவிட்டுப் போனார்.

கேள்வி ஒன்றும் கஷ்டமானதே இல்லை. நம்மிடம் இருப்பது இரண்டு கேட்ச்சர். ஹாலரன் கிழட்டுச் சிங்கம், மட்டையடிப்பவன் பின்னால் குந்தி உட்கார்ந்தான் என்றால் பூகம்பமே வந்தாலும் பந்தை விடமாட்டான். இன்னொருவன் பொடியன் கின்டானா. போன ஆகஸ்ட்டில் அவன் இரண்டாம் பேஸுக்கு எறிந்த ஒரு பந்து இன்னும் தரையைத் தொடவில்லை, பென்சில்வேனியா தாண்டிப் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஹாலரன்தான் இறங்குவான் என்பது பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கந்தசாமியோ ஹாலரனின் பரம பக்தர், அவன் படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்து வீட்டில் திட்டு வாங்குகிறவர். போச்சு, நாற்காலி கந்தசாமிக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். வாய் விட்டுவிட்ட பிறகுதான் ஏன் சொன்னோம் என்று இருந்தது. ஆனால் கொடுத்த வாக்கு கொடுத்ததுதானே?

அடுத்த சனிக்கிழமை பார், அதிசயத்தை. கந்தசாமி தோசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஏனுங் கிட்டண்ணா, நான் நல்லா ரோசன பண்ணிட்டனுங்க. இந்த வருசம் கின்டானாதானுங்க" என்றார். என் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஏனய்யா என்றால், "அவனுக்குக் காலு குட்டைங்ணா. குந்தறதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச காலு" என்கிறார். சரி, இவர் கிழக்கு என்றால் மேற்கு என்று சொல்வதற்காகவே பிறந்த பத்மநாபன், அப்போது ஹாலரன் என்றுதானே சொல்ல வேண்டும்? அவர் காபியை ஆற்றி ஆற்றி, ஆறிப்போனதை இன்னும் ஆற்றி, "கால் கெடக்கட்டும் ஓய். ஜாதகப்படியே கின்டானாதான்" என்றார். டீம் அச்சடித்த புத்தகத்தில் இருந்த பிறந்த தேதியை வைத்துக் கட்டம் போட்டுவிட்டாராம். கின்டானாவுக்கு மிருகசீரிஷமாம், குரு பார்க்கிறானாம், ஹாலரனுக்கு ஏழரைச் சனி தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறதாம். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவனுக்குப் பிறந்த நேரம் எங்கே பிடித்தீர் என்று கேட்டேன். "பால்காரன் வர்ற நேரம்னு ஒரு உத்தேசமா வெச்சுண்டேன்" என்றார் கொஞ்சமும் கூசாமல். உடனே, கின்டானா ஜெயிப்பது காலாலா கிரகத்தாலா என்று இருவருக்கும் சண்டை வந்து, "உங்க சனியனக் கொண்டுபோயி அவுட்ஃபீல்டுல நிறுத்துங்க" என்று இவரும், "காலப் பாத்துத் தேர்ந்தெடுக்க அவன் என்ன காங்கேயம் காளையா ஓய்?" என்று அவரும் கத்த, சாம்பார் ஊற்ற வந்த பையன் ஊற்றாமலே திரும்பிப் போனான். பிப்ரவரி, மார்ச் முழுக்க இதே கதை. பிட்ச்சர் யார், ஷார்ட்ஸ்டாப் யார் என்பதில் வழக்கம்போல் வெட்டுக் குத்து, ஆனால் கேட்ச்சர் என்று வந்தால் இரண்டு பேரும் ஒரே கட்சி. நான் வெளியே நெற்றியைச் சுருக்கினாலும் உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். பெரிய அறிவாளிகள் இரண்டு பேருக்கும் ஒரே குளிர்காலத்தில் புத்தி மழுங்கிவிட்டது, நாற்காலி தப்பியது என்று சந்தோஷத்தில் ஒரு சுற்று பெருத்தேவிட்டேன், பழைய பெல்ட் எட்டவில்லை.

நேற்றுதான் டீமை ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தும் நாள். ரேரிட்டன் ஆற்றுக் காற்று காதை அறுத்து எடுத்துக்கொண்டு போனது. நான், கந்தசாமி, பத்மநாபன் மூவரும் குல்லாய் மப்ளர் சகிதம் மூன்று பீரங்கிகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம், நம் நாற்காலி வரிசையில்தான், உன் நாற்காலியில் என் குடையை வைத்திருந்தேன். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வந்தார்கள். கடைசியில் ஹாலரன் மைக் முன்னால் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, குந்தினால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் குந்த முடியவில்லை, இந்த வருஷத்திலிருந்து நான் கோச்சு மட்டும்தான், என் இடத்தில் கின்டானா என்று சொல்லிவிட்டு, அந்தப் பொடியன் தோளில் கையைப் போட்டான். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்களே, கண்ணு! நான் மெதுவாகக் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சந்தோஷத்தில் குதிப்பார்கள் என்று திரும்பிப் பார்த்தால், இரண்டு பேர் முகமும் பேயறைந்த மாதிரி இருந்தது. கந்தசாமி, "டாக்டரே, ஜாதகம் பாத்துச் சொன்னவரு நீங்கதானுங்க, பரிசு உங்குளுக்குத்தான்" என்றார். "நன்னாருக்கே! கால அளந்தவர் நீர்தானே, நீரே எடுத்துக்கும்" என்றார் பத்மநாபன். "எனக்கு வேண்டாங்க." "எனக்கு மட்டும் எதுக்குங்காணும்?" சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாற்காலி வேண்டும் என்று சண்டை போட்ட மனிதர்களை நான் சட்டசபை முதல் டவுன் பஸ் வரைக்கும் பார்த்திருக்கிறேன், வேண்டாம் என்று சட்டையைப் பிடிக்கப் போனவர்களை நேற்றுதான் பார்த்தேன். கடைசியில் கந்தசாமிக்குப் பொறுமை போய், "நான் தோக்கோணும்னுதானுங்க கின்டானா பேரச் சொன்னேன்! அந்தப் புள்ள குந்துன எடத்துல நான் போயி குந்துனா, இந்த மனுசன் பந்தப் பாப்பாரா, என்ற மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருப்பாரா?" என்று கத்தியேவிட்டார். பத்மநாபன் குல்லாயைக் கழற்றிக்கொண்டே, "நானும் அதுக்குத்தான் ஓய்... ஹாலரனுக்குத்தான் குரு உச்சம். நான்தான் கட்டத்தையே மாத்திப் போட்டேன்" என்றார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லையாம். ஒருவர் செய்தது இன்னொருவருக்கு அப்போதுதான் தெரியும்.

எங்களுக்கு முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா. மூன்று இந்தியர்கள் ஒரு சீட்டுக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துப் பரிதாபப்பட்டு, திரும்பி, பாதி ஆட்டம் ஒருவர், மீதி ஆட்டம் இன்னொருவர் உட்காரலாமே என்று நியாயம் சொல்ல வந்தார். இரண்டு பேரும் ஒரே குரலில், இரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரே குரலில், "நோ மேடம், தட் சீட் இஸ் டேக்கன்" என்றார்கள். அந்த அம்மா காலி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் குடையை எடுத்து மறுபடியும் உன் நாற்காலியில் வைத்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னால், அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "ஊருக்கே தெரிஞ்சது உங்களுக்கு மட்டும் இப்பத்தான் தெரியுதுங்களா?" என்றாள். சீசன் டிக்கெட் இரண்டையும் என் கையிலிருந்து வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்துவிட்டாள். கேட்டில் நிற்கிறவன் செல்லாது என்று சொல்லாமல் இருக்க வேண்டும்.

ஆகவே மகளே, வழக்கின் இன்றைய நிலவரம் இது. ஜெயித்தவர் இருவர், நாற்காலி ஒன்று, இருவருக்கும் வேண்டாம். "ரெண்டு பேரும் தப்பு" என்று தீர்ப்புச் சொல்ல உன்னை விட்டால் ஆள் கிடையாது. முதல் ஆட்டம் மே மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை மெமோரியல் டே லீவு, காலண்டர் போட்டவன்கூட என் கட்சிதான். ஆனால் வா என்று நான் சொல்லவில்லை. உன் வேலை எப்படி என்று எனக்குத் தெரியும், நானும் உன் வயதில் பாலம் கட்டுகிற வேலையில் மாதக்கணக்கில் பாலத்துக்கு அடியிலேயே கிடந்தவன்தான். வர முடியாவிட்டால் வராதே, கண்ணு. இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம். சீட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் இன்னொரு தரம் சொல்லாதே.

காருக்கு ஆயில் மாற்று. ஃப்ரீவேயில் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. செடிக்குத் தண்ணீர் ஊற்று. எல்லா நலனும் பெற்று, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தீர்க்காயுசாக இரு என்று நானும் அம்மாவும் உன் தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கிறோம். கை அங்கே வரை எட்டாது, நீயே ஒரு தரம் தலையைத் தொட்டுக்கொள்.

இப்படிக்கு,
நாரைப் படையின் நிரந்தர ஆலோசகரும், ஒரு காலி நாற்காலியின் காவலருமாகிய
உன் அப்பா
கிட்டுசாமி