நீ வேண்டாமென்றவளையே வைத்துக்கொண்டேன்

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், இங்கே உன் அத்தையும் நானும் நன்றாகவே இருக்கிறோம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்லிவிடுகிறாய், நானும் சரி சரி என்று வைத்துவிட்டு நாள் முழுக்க எனக்குள்ளேயே பொருமிக்கொண்டிருக்கிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அத்தையைப் பார்த்துக்கொள்ள நீ ஏஜென்சியில் பேசி அனுப்பிய பெண்ணை ஒன்பதாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டேன். அவள் கெட்ட பெண் இல்லை, சுத்தமானவள், பிரஷர் பார்த்து நோட்டில் அழகாக எழுதி வைப்பாள். ஆனால் அத்தை எதிரிலேயே படுத்திருக்க என்னைப் பார்த்து, பாட்டி தூங்கினாங்களா, பாட்டிக்குப் பசிக்குதா என்று கேட்பாள். அத்தை பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் இங்கதான் இருக்கேன், என்கிட்ட கேளு" என்று ஒருநாள் சொன்னார். அதுகூடப் பரவாயில்லை. ஆறாம் நாளிலிருந்து அத்தையின் தண்ணீர் பாட்டில் நிறைத்தது நிறைத்தபடியே இருந்தது. ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால் தாகமில்லை என்பார். உதடெல்லாம் வெடித்துப் போனது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி அப்போது இரண்டு மாதமாகியிருந்தது, வாக்கரைப் பிடித்து நடக்கலாம் என்று டாக்டரே சொன்னபிறகும், பாத்ரூம் போகணும் என்று அத்தை கேட்டால் அந்தப் பெண், டயப்பர் போட்டிருக்குல்ல அதிலேயே போங்க என்றிருக்கிறாள். கூட்டிப்போய் விழுந்துவிட்டால் தன் தலைமேல்தான் வரும் என்று பயம். முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஊராரின் படுக்கையை மாற்றியவர், தன் படுக்கை நனையக்கூடாது என்று தண்ணீரை நிறுத்திவிட்டார். அன்று சாயங்காலமே ஏஜென்சிக்குப் போன் போட்டேன்.

அடுத்து மருந்துக்கடைக்காரர் ஒரு அம்மாளைச் சொன்னார், வயது ஐம்பதை நெருங்கும், சான்றிதழ் கிடையாது. அவள் முன்பு இருந்த வீட்டுக்கு நீ போன் செய்து விசாரித்தாய், திமிர் பிடித்தவள், சொன்ன பேச்சு கேட்கமாட்டாள் என்றார்களாம், அம்மா இவள் வேண்டவே வேண்டாம் என்றாய். உன் சித்தப்பாவும் அதற்கு ஒத்து ஊதினார். மறுநாள் இரண்டு பஸ் மாறி அந்த வீட்டுக்கே போனேன். அந்த வீட்டு மருமகள்தான் இருந்தாள், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மாமனார் பகலெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாராம். தூக்க மாத்திரையைப் பகலிலும் பாதி கொடு என்று சொன்னால் இவள் மாட்டேன் என்றாளாம், அதோடு விடாமல் டாக்டரிடமும் போய்ச் சொல்லிவிட்டாளாம். அதைக் குறையாகத்தான் என்னிடம் சொன்னாள் அந்த மருமகள், நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அத்தையிடம் அப்படியே ஒப்பித்தேன். அத்தை, "அவளையே வரச்சொல்லு" என்றார்.

வந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், என்னை எப்படித் தூக்குவாய் என்று. அவள், "நான் எதுக்குத் தூக்கணும், நீங்கதான் எந்திரிப்பீங்க, நான் பக்கத்துல நின்னு பிடிச்சுக்குவேன்" என்றாள். அதன்பின் அவள் தன் நிபந்தனைகளைச் சொன்னாள். தனக்கு உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும், வாரத்தில் ஒருநாள் லீவு வேண்டும், மத்தியானம் ஒரு மணிநேரம் யாரும் கூப்பிடக்கூடாது. சித்தப்பா போனில், வேலைக்கு வருகிறவளுக்கு அறையா, கூடத்தில் பாயைப் போட்டுப் படுக்கட்டும் என்றார். இரவில் மூன்று தரம் எழுந்து நிற்கப்போகிறவளுக்கு முதுகு சாய்க்க ஒரு கட்டில்கூட இல்லையென்றால் அது என்ன வீடு. உன் அறையைக் கொடுத்துவிட்டேன். உன் புத்தகங்களும் பள்ளிக்கூடத்தில் ஜெயித்த கோப்பைகளும் பரணில் பத்திரமாக இருக்கின்றன. நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து பதினோரு வருஷமாகத் தூசி தட்டி வைத்திருந்த அறை, கொடுக்கும்போது எனக்கும் மனசு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனாலும் கொடுத்துவிட்டேன்.

அவள் ஒன்றும் தேனும் பாலும் இல்லை. நான் அத்தைக்கு ஊட்டப் போனால், அவங்க கை நல்லாத்தானே இருக்கு என்று தட்டை வாங்கி அத்தை மடியில் வைக்கிறாள். கதவைத் தட்டாமல் அத்தை அறைக்குள் வந்தேன் என்று என்னையே ஒருநாள் வெளியே அனுப்பினாள். என் வீட்டில் என்னையா என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அத்தைக்கு அதில் ஏக சந்தோஷம். மூன்றாம் வாரம் அத்தை வாக்கரைத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய், தானே கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். அவள் கதவில் காது வைத்தபடி, விரலை உதட்டில் வைத்து என்னைப் பேசவேண்டாம் என்று ஜாடை காட்டினாள். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டதும் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. இப்போது அத்தை அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அத்தையைக் கூப்பிட்டது அப்படித்தான்.

நேற்று நீ அனுப்பிய கேமரா பார்சல் வந்தது, அத்தை கட்டிலுக்கு நேரே மாட்டச் சொல்லிச் சீட்டும் இருந்தது. உன் அக்கறை எனக்குப் புரியாமலில்லை. ஆனால் நான் அதை மாட்டமாட்டேன். உடம்பு துடைத்துக்கொள்ளும் அறையில், இரண்டு பெண்கள் இருக்கும் இடத்தில், யார் கண்ணும் சுவரில் தொங்கவேண்டாம். அத்தையிடம் காட்டினேன், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னைப் பார்க்கணும்னா டிக்கெட் எடுத்துட்டு வரச்சொல்லு, வாசல்வரை நடந்துவந்து கதவு திறக்கிறேன்" என்றார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நிறைவாக வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி மூன்று மாதமாகிறது, இந்த வாரமாவது போ. பார்சலை நாளை தபாலில் திருப்பி அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
மாற்றிக்கொள்ளாத முடிவோடும் மாறாத அன்போடும்,
உன் அம்மா