வெட்டியெடுத்த தகரம்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பீரோவைத் திறந்து, புடவை அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்த அந்தத் தகரத் துண்டை எடுத்தேன். உள்ளங்கை அகலம்தான். ஒரு பக்கம் உங்கள் ஃபியட்டின் பச்சைப் பெயின்ட், ஓரமெல்லாம் கருகல். மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாசனை இன்னும் இருக்கிறது. இன்று உங்களுக்கு முதல் வருடத் தெவசம், அப்பா.

அந்தக் காரில் முகூர்த்தப் புடவைகள் ஏறும். அதனால் மாதத்தில் மூன்று நாள் அம்மாவும் நானும் அதன் கதவைக்கூடத் தொடக்கூடாது. பட்டு வியாபாரி வீட்டில் இதெல்லாம் சகஜம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், நான் ப்ளஸ் டூ படிக்கும்போது அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் போன அந்த மத்தியானம் வரை. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் காரை எடுக்கச் சொல்லி உங்கள் முன்னால் வந்து நின்றேன்.

"நாளைக்கு கல்யாணப் புடவை ஏறுது. ஆட்டோ சொல்லிட்டேன், வந்துகினு இருக்கும்" என்றீர்கள்.

"அம்மாவுக்கு மயக்கம் வருதுப்பா."

"தெரியும்."

அம்மா வாசற்படியில் பழைய துணியை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ வரும்வரை நீங்கள் காருக்குள் உட்கார்ந்து ரேடியோவில் செய்தி கேட்டீர்கள். ஆரணியிலிருந்து வேலூர் வரை அவள் தலை என் மடியில் குலுங்கிக்கொண்டே வந்தது. அவள் பிழைத்ததில் உங்களுக்குப் பங்கில்லை.

பல வருடம் கழித்து, பக்கவாதத்தில் உங்களுக்குப் பேச்சும் போனபின், கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னவள் நான்தான். அங்கிருந்து கார் தெரியும். நல்ல மகள் என்றார்கள். பிறகு காருக்கு ஒரு புது ஸ்டீரியோ வாங்கி வந்தேன். எனக்குப் பாட்டு கேட்கும் பழக்கமே கிடையாது.

மெக்கானிக் உங்கள் பழைய ரேடியோவைத் தடவிப் பார்த்தார். "வெட்ட வேணாங்கக்கா. இது அப்டியே இருக்கட்டும். புதுச கிளவ் பாக்ஸ்குள்ள மறைச்சி வெச்சிடலாம், ரிமோட்ல பாடும். இந்த மாதிரி தகர டேஷ்போர்டு இனிமே கிடைக்காதுங்க."

"வெட்டுங்க."

"ஐயா பாத்துகினு இருக்காரு."

"தெரியும். இருங்க, ஜன்னல நல்லா தொறந்து வெச்சிட்டு வரேன்."

கிரைண்டர் அலறியது. பொறி பறந்தது. உங்கள் வலது கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. நான் துடைக்கவில்லை. சமையலறையிலிருந்து ஓடிவந்த அம்மாதான் முந்தானையால் துடைத்தாள்.

பத்து நாளில் போய்விட்டீர்கள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அம்மா சொன்னாள்: "பொண்ணு கார்ல பாட்டுப் பொட்டி மாட்டினத பாத்து சந்தோசத்துல அழுதாருமா. மனசுக்குள்ள அவ்ளோ பாசம் வெச்சிகினு இருந்திருக்காரு." வருடம் முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் அந்த ஆட்டோவை ஞாபகப்படுத்தினேன். "அன்னிக்கு காரு ரிப்பேர்ல இருந்துச்சிடி" என்றாள்.

நான் செய்த கொடுமையைக் கொண்டே உங்களை நல்லவராக்கிவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்வாள். அவர்கள் போனதும், இலைகளை எடுத்துப் போட்ட கையோடு, இந்தத் தகரத்தை அவள் மடியில் வைக்கப்போகிறேன். வெட்டத் தேவையே இருக்கவில்லை, ஜன்னலைத் திறந்தது நான், அன்றைக்குக் கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று மூன்றையும் சொல்லப்போகிறேன். அவள் உடைந்துபோவாள்.

தெரியும்.