பதினேழு ஒன்றுகள்

ஏப்ரல் 8, செவ்வாய்

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரி. டயாலிசிஸ் நான்கு மணி நேரம். முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்த அப்பாவுக்குக் கை சும்மா கிடப்பதுதான் தாங்கவில்லை. நோட்டில் எழுதிக் காட்டினேன்: 11111111111111111.

"தறியில பாவு இழை மாதிரி வரிசையா நிக்குது. இதுக்கு என்னமா?"

"மீதி இல்லாம இதை வகுக்கிற எண் ஒண்ணு கண்டுபிடி. ஒண்ணையும் இதையும் சொல்லக்கூடாது."

எனக்கு விடை தெரியும் என்றதும் முறைத்தார். "நானா கேக்குற வரைக்கும் வாயத் தொறக்காத."

ஏப்ரல் 10

2, 3, 5, 7, 11. எதுவும் வகுக்கவில்லை. பதினாறு ஒன்றுகள் இருந்திருந்தால் 11 வகுத்திருக்கும் என்று அவரே கண்டுபிடித்தார். இரண்டிரண்டாகப் பிரித்தால் எல்லாம் பதினொன்று. பதினேழில் ஒன்று தனியாக நின்றுவிடுகிறது. வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

மே 3, சனி

நர்ஸ் எஸ்தர் ஊசி குத்திக்கொண்டே, "என்ன ஐயா, இன்னும் உடையலியா? சுத்தி எடுத்தாரட்டா?"

"நீ என் கைய உடைக்காம இருந்தா போதும்மா."

குறுக்குவழி ஒன்று சொல்லிக்கொடுத்தேன். இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 34ஆல் வகுத்தால் மீதி ஒன்று வரும். 103, 137, 239, 307 என்று தாண்டித் தாண்டிப் போகலாம். ஆனால் விடை இருபது லட்சத்துக்கு அந்தப்பக்கம். அதற்குள் இப்படிப்பட்ட பகா எண்கள் ஒன்பதாயிரத்துக்கு மேல்; நாளுக்குப் பத்து பார்த்தாலும் இரண்டரை வருஷம். டாக்டர் என்னிடம் சொன்னது மாதக்கணக்கு.

ஏன் இதைப் போய்க் கொடுத்தேன்? பதிமூன்று ஒன்றுகள் கொடுத்திருந்தால் 53லேயே முடிந்திருக்கும்.

ஜூன் 12

நேற்று மூச்சுத் திணறல். இன்று இரண்டு எண்ணோடு நிறுத்திவிட்டார். "ரொம்ப தூரமாம்மா அது?" என்றார். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினேன். அதுவே பதில் ஆகிவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

கேட்டுவிட்டார். "சொல்லிடுமா."

"2071723."

நோட்டை வாங்கி ஒன்றரை மணி நேரம் வகுத்தார். நான் தொடக்கூடாதாம். மீதி வந்தது.

"என் மனசு ஆறட்டும்னு ஏதோ ஒரு நம்பர அடிச்சு உட்டுட்ட. இல்ல?"

"ஐயோ, இல்லப்பா, சத்தியமா —"

"போதும்மா."

திட்டியிருக்கலாம். கையைத் தட்டிக்கொடுத்தார்.

ஜூன் 25

அவர் தூங்கும்போது நோட்டைப் பார்த்தேன். கீழே இறக்கும் ஒவ்வொரு ஒன்றையும் மேலே ஒரு கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஓர் இடத்தில் ஒரே கோடு இரண்டு ஒன்றுகள்மேல் விழுந்திருக்கிறது. இறக்கியது ஒன்றுதான். தறியில் சீப்பு மாதிரி இருக்கும் அச்சின் ஒரு சந்தில் இரண்டு இழை போகும். இரண்டை ஒன்றாகவே பார்த்துப் பழகிய கண். பதினாறு ஒன்றுகளைத்தான் வகுத்திருக்கிறார்!

எழுந்ததும் காட்ட வேண்டும்.

ஜூன் 26

எழவில்லை.

ஜூன் 27

அம்மா நோட்டை அவர் கைக்குக் கீழே செருகினாள்.

"வேணாம்மா, அதுல தப்பு இருக்குது."

"இனிமே அத யாருடி பாக்கப்போறா?"

பேனா தேடினேன். கிடைப்பதற்குள் தூக்கிவிட்டார்கள்.