பாட்டில் கழுவும் கொட்டகை

வியாழன், இரவு

சங்கத்தில் சேர்ந்த எங்கள் ஐந்து பேரையும் மாத்திரை கம்பெனியில் இன்று பேக்கிங்கிலிருந்து பாட்டில் கழுவும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் விரலெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது. சோறு போடும்போது வீட்டுக்காரர் என் கையைப் பார்த்தார்.

"சங்கத்துல சேந்து இன்னாத்த கண்ட? ஏசில உக்காந்து வேல செஞ்சவ. நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துடு."

கோபம் இன்னும் அடங்கவில்லை. பேக்கிங்கில் பக்கத்து மேசைக்காரியிடம் வாய் திறந்தாலே சூப்பர்வைசர் வந்து நிற்பார். ஈரத்துக்குப் பயந்து கொட்டகையை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்கப் பேசினோம். இத்தனை மாதம் கூட்டம் போட இடமில்லாமல் ரெட்டியார்பாளையம் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். இப்போது கம்பெனியே இடம் கொடுத்திருக்கிறது.

விலக மாட்டேன். பேக்கிங்கில் இருக்கும் செல்வியை நாளை சங்கத்துக்குக் கூப்பிடப்போகிறேன். சேர்ந்தால் அவளையும் எங்களிடமே அனுப்பிவைப்பார்கள்.