முப்பத்தொன்பதே முக்கால்

அளவு தவறாத என் அண்ணைக்கு,

போன சனிக்கிழமை உங்கள் ரொக்ஸ்பரோ வீட்டில் விறகடுப்பைச் சுற்றித் தகடு பூட்டியாயிற்று. இது இரண்டாவது தகடு. முதலாவது பிழைத்துப்போனது. பிழை என்னுடையது.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு அந்த இரும்படுப்பு, கல்லால் கட்டிய பழைய கணப்படுப்புக்குள் தள்ளியபடியே கிடந்தது. என் கடையிலிருந்து நீங்கள் எடுத்துப்போனதுதான். சுற்றுத்தகடு தொலைந்த காட்சிப்பொருள் என்றபடியால் மலிவாகத் தந்தேன். "தகட்டு வேலைக்காரனுக்கே தகடு விக்கப் பாக்கிறியோ?" என்று சிரித்தீர்கள். அடுப்பைச் சுற்றி மூட வேண்டிய இடத்தை அளந்து, கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் படம் கீறி வைத்தீர்கள். வெட்டுவதற்குத்தான் நாள் கிடைக்கவில்லை.

உறைமழையில் கரண்ட் நின்ற அந்தக் கிழமைக்குப் பிறகுதானே அடுப்பு வேண்டுமென்று வந்தீர்கள். உங்கள் மகன் நிரோஷனின் கொண்டோ வீட்டில் இருந்த அந்த நாட்களில் அண்ணி ஒரு தேத்தண்ணிகூடத் தன் விருப்பத்துக்கு ஊற்றிக் குடிக்கவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இப்போது அவன் அண்ணியை அங்கேயே வந்துவிடச் சொல்கிறான். "அம்மா தனிய, சித்தப்பா. திரும்பக் கரண்ட் போனால் ஆர் பாக்கிறது? வீட்டை வித்துப்போட்டு என்னோட வரட்டும்." அடுப்பு எரிந்தால் அந்தக் கதைக்கு இடமில்லை. ஆனால் இடைவெளி இல்லாமல் தகடு பூட்டினால்தான் எரிக்கலாம் என்று காப்புறுதிக்காரர் சொல்லிவிட்டார். அண்ணி தன் வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒரு தகட்டில் வந்து நின்றது.

லாசால் தகட்டுப் பட்டறையில் உங்களோடு வேலை செய்த ரெஜிஸிடம் போனேன். தாளைக் கொண்டுபோகவில்லை, அளவுகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். உங்கள் படத்தில் அகலத்துக்கு இரண்டு இலக்கம் இருந்தது. மேலே முப்பத்தொன்பது அங்குலம், கீழே முப்பத்தொன்பதே முக்கால். ஒரு பொருளுக்கு ஒருவன் இரண்டு விலை சொன்னால் குறைந்ததைப் பிடிக்கிறவன் நான். இவ்வளவு காலமும் அப்படித்தான் கடை நடத்தினேன். கை தானாகவே முப்பத்தொன்பது என்று எழுதியது.

பூட்டி முடித்ததும் நிரோஷன் தொலைபேசி வெளிச்சத்தோடு குனிந்தான்.

"சித்தப்பா, இஞ்ச பாருங்கோ. என்ர விரல் உள்ளுக்குப் போகுது."

"அது பரவாயில்லை, பூசி அடைக்கலாம்."

"உங்கட கடையில ஆரும் இப்பிடிச் சொன்னா விடுவீங்களோ?"

விடமாட்டேன். அண்ணி தாளை வாங்கிப் பார்த்தா. பிறகு சொன்னா: "அவர் ரெண்டு இலக்கம் போட்டிருந்தால் ரெண்டும் வேணுமெண்டுதான் போட்டிருப்பார். நீர் அதிலையும் பேரம் பேசினீரோ, தம்பி?"

இந்த முறை தாளையே ரெஜிஸிடம் கொடுத்தேன். அவர் அதை மேசையில் விரித்து, இரண்டு பக்கக் கோடுகளிலும் விரலை ஓட்டினார். "இந்தக் கல் கீழே போகப்போக விலகுது. உன் அண்ணன் அதைக் கண்டிருக்கிறார்," என்று பிரெஞ்சில் சொன்னார். "நீ அங்கே போய்ப் பார்க்கவே இல்லையா?" அந்த வீட்டில் எத்தனை நத்தார்ப் பண்டிகைக்குச் சாப்பிட்டிருப்பேன். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று எத்தனை படம் எடுத்திருப்பேன். கல் கோணல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா, அண்ணை? சொல்லியிருந்தாலும் நான் காதில் போட்டிருப்பேனோ தெரியாது.

கீழே அகன்ற தகடு ஒரே தள்ளில் உட்கார்ந்தது. நிரோஷன் நாலு மூலையிலும் விரலை விட்டுப் பார்த்தான், போகவில்லை. காப்புறுதிக்காரர் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். பழைய தகட்டை வீணாக்கவில்லை. ரெஜிஸ் அதை மடித்துச் சாம்பல் தட்டாக்கித் தந்தார். நட்டம் பாதியாவது குறைந்தது.

முதல் விறகை அண்ணிதான் வைத்தா. பற்றிக்கொண்டதும் தாயும் மகனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டை விற்கும் பேச்சை முடிக்க அதுதான் நேரம் என்று எனக்குப் பட்டது. நடுவில் கதிரையைப் போட்டு இருந்தேன்.

"இதுக்கும் தரகு கேப்பீரோ?" என்றா அண்ணி.

"ஞாயிற்றுக்கிழமைச் சோறு," என்றேன்.

மூன்று பேரும் ஒப்புக்கொண்டது இது. இந்தக் குளிர்காலம் அண்ணி தன் வீட்டில். விறகு கொண்டுவந்து அடுக்குவது நிரோஷன். புகைபோக்கியைத் துப்புரவாக்க ஆள் பிடிப்பதும், கரண்ட் போனால் அன்றைக்கே வந்து அங்கே தங்குவதும் நான். அதை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பனி கரையும்வரை வீட்டை விற்கும் கதை இல்லை. கரைந்த பிறகும், அந்தக் கதையை முதலில் எடுக்கும் உரிமை அண்ணிக்கு மட்டும்.

இனி இரண்டு இலக்கத்தையும் வாசிக்கும்
உங்கள் தம்பி