கணினிச் சூடும் நான் கோடு கிழித்த துண்டும்

ஈரத் துணியும் சூடான தூசியும் சேர்ந்தால் ஒரு வாசனை வருமே, அது இன்று காலை என் வீட்டு முன்னறையில் அடித்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து பார்க்கிறேன், உன் கணினியின் முதுகில் நாலு பள்ளிக்கூடச் சொக்ஸ் தொங்குகின்றன. பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னிடம் மட்டும் யார் கேட்டார்கள்? ஆனி மாத மழை பிடித்து இன்றோடு பதினொரு நாள். மஸ்கெலியாப் பக்கம் எந்தக் கொடியிலும் எதுவும் காயவில்லை.

வாசனை என்று எழுதிவிட்டேன். நாற்றம் என்பதுதான் சரி. பாவம், சொக்ஸ் என்ன செய்யும்? உன் நினைப்பு வந்தால் இப்போதெல்லாம் எனக்கு முதலில் அழுகை வருவதில்லை, அருவருப்புத்தான் வருகிறது. யார் யார் மேல் என்று சொல்கிறேன். என் பெயரும் வரும், அவசரப்படாதே.

அந்தக் கணினியை உன் தம்பியின் படிப்புக்காக ஹட்டனில் பழசு விற்கும் கடை ஒன்றிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். தம்பி கத்தாருக்குப் போனான், கணினி தோட்டத்து லயத்தில் உன் ஒற்றை அறைக் காம்பராவில் தங்கிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில், அதுதான் நம் ஸ்டோரில், சல்லடைக்குப் பக்கத்தில் தூள் குடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு இது எதற்கு என்று லயமே கேட்டது. உன் அம்மா மார்பில் வந்த புற்றுநோயோடு ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து செத்துப்போன பிறகுதான் நீ அதற்கு ஒரு வேலை கொடுத்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிளேன்டீ குடிக்க வந்த நான், திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு வேகத்தில் நகர்வதைப் பார்த்து, ஏதோ படம் இறக்குகிறாய் என்று நினைத்தேன்.

"படம் இல்லடி. வெளிநாட்டு டாக்டர்மாருக்குக் கணக்குப் போட்டுக் குடுக்குது. கேன்சருக்கு மருந்து தேடுறாங்க."

"ஒன் மெஷினா? ஏன், அவங்ககிட்ட மெஷின் இல்லையாமா?"

"இருக்கு, பத்தாது. ஒருத்தியால ஒரு மலைக் கொழுந்த எடுத்து முடிக்க ஏலுமா? நெரை பிரிச்சுத்தானே விடுறாங்க. அது மாதிரி, ஒலகம் பூரா வீட்டுல சும்மா கெடக்குற மெஷினுக்கெல்லாம் ஆளுக்கொரு நெரை குடுக்குறாங்க. என் நெரைய முடிச்சு அனுப்புனா அடுத்தது வரும். நாள் தவறுனா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"கூலி?"

"கெடையாது."

நான் புரையேறச் சிரித்தேன். தோட்டத்துக்கு உழைத்தது போதாதென்று கம்ப்யூட்டரையும் சும்மா வேலைக்கு விட்டிருக்கிறாயே என்றேன். நீ கோபப்படவில்லை. உன் கைபேசியிலிருந்து இணையத்தைக் கொடுத்துவிட்டு, முடிந்த நிரை போய்ச் சேரும்வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாய். நிறுவையில் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு நிற்பவளின் முகம் அப்போது உனக்கு.

நாள் முழுக்க உழைக்கிற கணினி சூடாகுமே, அந்தச் சூட்டை முதலில் கண்டுபிடித்தது உன் பக்கத்துக் காம்பரா அக்கா. மழைக்காலத்தில் குழந்தைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து அதன் பின்பக்கம் பிடித்தாள். அடுத்த வாரம் லயத்துப் பாதிப் பிள்ளைகளின் சொக்ஸும் உன் வீட்டில். நீ ஒரு கம்பியை வளைத்துக் கொடியாகவே கட்டிவிட்டாய். "மருந்து எப்ப வருமோ தெரியாது, புள்ளைகளுக்குக் காஞ்ச சொக்ஸாவது வரட்டும்" என்றாய். அந்த நாட்களில் அந்த வாசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இன்னொரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கரண்ட் ஏறி இறங்கியதில் கணக்கு எங்கோ பிசகி, நீ அனுப்பிய நிரையைத் தள்ளிவிட்டார்கள்.

"ஒரே நெரைய ரெண்டு மெஷினுக்குக் குடுப்பாங்களாம்டி. ரெண்டும் ஒரே பதிலச் சொன்னாத்தான் எடுப்பாங்க. என்னோடது ஒத்துப் போகல."

"அப்ப ஒன்னைய நம்பலன்னு அர்த்தம்."

"உசுரு காரியம் புள்ள. ஒருத்தி சொன்னா போதுமா?"

இந்த வாக்கியத்தைச் சொன்னவள் நீ. அதனால்தான் அடுத்து எழுதப் போவதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா மூன்று தோட்டத்துக்கு ஒருவர், வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் அந்த மருந்து அலுமாரிக்கும் துண்டுப் புத்தகத்துக்கும் உதவியாளான நான்தான் ராணி மாதிரி. நான் துண்டு எழுதிக் கொடுத்தால்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போக லீவு. துண்டில்லாமல் போனவளை ஸ்டோரிலிருந்து எடுத்து மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பிவிடுவார்கள் என்பது உனக்கும் தெரியும்.

சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த வாரம். கொழுந்து வந்து குவிந்துகொண்டிருந்தது. புருவமெல்லாம் தேயிலைத் தூளோடு வந்து கதவைச் சாத்திவிட்டு மேல்சட்டைப் பொத்தானைக் கழற்றினாய். "அம்மாவுக்கும் இந்தப் பக்கந்தான்டி" என்று மட்டும் சொன்னாய். தொட்டுப் பார்த்தேன். ஏலக்காய் அளவுக்கு ஒன்று விரலில் பட்டது. புத்தகத்தை எடுத்து உன் பெயரையும் நம்பரையும் எழுதினேன். தேதி போடும்போது டெலிபோன் அடித்தது. ஸ்டோரை நடத்துகிற பெரிய டீமேக்கர்.

"மிஸ், இந்த ரெண்டு கெழமைக்கு ஸ்டோர் ஆளுங்களுக்குத் துண்டு எழுதிறாதீங்க. கொழுந்து வீணாப் போகுது. தொரை சத்தம் போடுறாரு."

"சரிங்க ஐயா" என்றேன். எவ்வளவு மரியாதை பார். உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்று சொன்னேன். போனை வைத்துவிட்டு உன் பக்கம் திரும்பி, "மாசம் வர்ற நேரத்துல இப்பிடித் தெரளும், ஒன்னுமில்ல. கொழுந்து கொறையட்டும், எழுதித் தாறேன்" என்றேன். எழுதிய துண்டின் குறுக்கே இரண்டு கோடு கிழித்தேன்.

அது எனக்குத் தெரிந்து சொன்னதில்லை. டீமேக்கருக்குப் பயந்து சொன்னது. அந்தப் பயத்துக்கு ஒரு வைத்தியக் காரணம் தேடி, அதை உன் உடம்பிலேயே ஒட்டினேன். நீ பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நீ சொன்னாச் சரிதான்" என்று சிரித்தாய். கணினி சொல்வதைக்கூட இரண்டாவது ஆள் பார்க்காமல் ஏற்க மாட்டார்கள் என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவள், என் ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போனாய்.

கொழுந்து குறைந்தது. மழை வந்தது. நீ கேட்கவில்லை, நான் நினைவுபடுத்தவும் இல்லை. உன் வீட்டுக்கு வந்து சொக்ஸ் வாடைக்கு நடுவில் பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டுப் போனேன். ஆடி முடியும்போது அக்குளிலும் தட்டுப்படுகிறது என்றாய். அன்றைக்கு எழுதினேன் பார் ஒரு துண்டு, அவ்வளவு அழகான கையெழுத்தில்.

பெரியாஸ்பத்திரியில் அந்த டாக்டர் பெண் உன் மார்பை எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் ஏன் வரவில்லை?" என்று கேட்டார். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன், உன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு. நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எனக்குத்தாங்க தெரியல டாக்டர், நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாய். டாக்டர் உன்னைத் திட்டினார். படித்த பிள்ளை மாதிரி இருக்கிறாயே என்று திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

மாசியில் நீ போனாய். கருமாதிக்கு டீமேக்கர் வந்தார், வெள்ளைச் சட்டையில். ஸ்டோர் வாசலில் உன் படம் போட்ட பேனர் அவர் ஏற்பாடுதான். "ஒலக ஆராய்ச்சிக்கே ஒதவுன புள்ளைங்க. நம்ம தோட்டத்துக்குப் பெருமை" என்று லயத்து ஆட்களைப் பார்த்துப் பேசினார். துண்டு எழுத வேண்டாம் என்று சொன்ன அதே குரல்தான், கொஞ்சம் தழுதழுத்தும் இருந்தது. அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? "சீனி போதுங்களா ஐயா" என்று வேறு கேட்டேன். அவரைவிட நான் கேவலம். அவர் மறந்துவிட்டார், நான் மறக்காமலே சீனி கேட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, கொழும்புச் சாப்பாட்டுக் கடை வேலையிலிருந்து வந்திருந்த உன் வீட்டுக்காரர் உன் கைபேசியை என்னிடம் நீட்டினார். அந்த வெளிநாட்டு டாக்டர்மாரிடமிருந்து இங்கிலிஷில் ஒரு மடல். உன் கணினி இவ்வளவு உழைத்ததற்காக உனக்கு ஒரு பதக்கப் படம் அனுப்பியிருந்தார்கள், தொடர்ந்து உழைக்கும்படி வாழ்த்தியும் இருந்தார்கள். நான் வாசித்துச் சொன்னேன்.

"அவ செத்தது அவங்களுக்குத் தெரியாதாங்க?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. மெஷின் ஓடுதே" என்றேன். மறுநாள் கணினியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

ஒரு மாதம் வயரைச் செருகாமலே போட்டு வைத்தேன். உலகத்துக்கே மருந்து தேடுகிற சாமானைச் சுற்றிய துணியைக்கூட நான் எடுக்கவில்லை. அந்த மருந்து ஒரு நாள் வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உனக்கு அன்றைக்கு இனிமேல் கண்டுபிடிக்க வேண்டிய எதுவும் தேவைப்படவில்லை. என் மேசையில் கிடந்த ஒரு தாள்தான் தேவைப்பட்டது. அதில் பாதி எழுதியும் முடித்திருந்தேன். பிறகு ஏன் மறுபடி வயரைச் செருகினேன் என்று கேட்காதே. நீ பிடித்த நிரை ஒன்று பாதியில் நின்றது. நாள் தவறிவிட்டதால் அது வேறு யாருக்கோ போயிருந்தது. எனக்குப் புதிதாக ஒன்று வந்தது. இப்போது ஓடுவது அப்படி வந்தவற்றில் ஒன்றுதான்.

இந்த வைகாசியில் செல்வி வந்தாள், கீழே இருக்கிற பணிய லயத்துக்காரி. ஸ்டோரில் உன் இடத்தில் நிற்கிறவள். அதே மாதிரிக் கதவைச் சாத்தினாள். தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை, சத்தியமாக. 'ஒன்னுமில்ல' என்ற அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. "எனக்கு ஒன்னும் தெரியல. அதுக்காக ஒன்னுமில்லன்னு ஆகாது" என்று சொல்லிவிட்டு எழுதினேன். மத்தியானம் டீமேக்கர் போனில் வந்தார்.

"கொழுந்து நேரத்துல என்னங்க மிஸ் இது?"

"எழுதியாச்சுங்க" என்றேன். ஐயா போடவில்லை. உட்கார்ந்துகொண்டுதான் பேசினேன். உனக்குச் சிரிப்பாக இருக்கும், அதுவே எனக்குப் பெரிய காரியம்.

செல்வி இரண்டாம் நாள் சலித்துக்கொண்டு வந்தாள். "ஒரு நாள் பூரா பஸ்ஸுல தொங்கிப் போயி, மெஷின்ல எல்லாம் பாத்து, ஒன்னுமில்லன்னு சொல்லிட்டாங்க மிஸ். ஒங்களால வீணா அலைஞ்சேன்." தோட்டத்து ஆபிசிலிருந்து எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்திருக்கிறது. காரணமில்லாமல் துண்டு எழுதினேனாம். பதில் எழுத வேண்டும். கோடு கிழித்த உன் துண்டு என் மேசை லாச்சியில்தான் கிடக்கிறது, இத்தனை நாளும் அதை யாருக்கும் காட்டியதில்லை. அதையும் அந்தப் பதிலோடு சேர்த்து அனுப்பப் போகிறேன். அதன் பிறகு இந்த வேலை இருக்குமோ இல்லையோ தெரியாது.

செல்வி இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அவளுக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு பேர் பார்த்துவிட்டோம். உனக்கு நான் ஒருத்தி மட்டும் சொன்னேன்.