ஷிப்ட் தேவைப்படாத மொழி

உன் படத்துக்குப் போட்ட மாலை அழுகிவிட்டது. காலையில் கணினி அறையைத் திறந்ததும் அந்த நாற்றம்தான் முகத்தில் அடித்தது. செவ்வந்தியிலிருந்து சாறு வடிந்து கண்ணாடியில் உன் கழுத்தடி மஞ்சளாகியிருந்தது. எறும்பு வேறு. நினைவு நாளன்று வரிசையில் நின்று பூப்போட்ட ஒருவருக்கும் அதைக் கழற்ற நேரமில்லை. உனக்கு வாடின பூவே பிடிக்காது.

நீ உருவாக்கிய சின்னக் கணினி மொழியை நினைத்துக்கொண்டேன். 'திற', 'மூடு' என்று நாங்கள் பேசும் சொற்களையே ஆங்கில எழுத்தில் தட்டினால், வெளியே மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஓடும், நிற்கும். கிளிநொச்சியில் எங்களிடம் கணினி பழக வரும் பிள்ளைகளுக்கு அது போதும் என்றாய். பெரிய எழுத்தோ, சின்ன எழுத்தோ, கலந்தடித்தாலோ உன் மொழிக்கு எல்லாம் ஒன்றுதான். ஏன் அப்படி என்று கேட்டபோது, முழங்கையோடு முடிந்துபோன உன் வலக்கையால் என் தோளில் இடித்தாய்.

"பெரிய எழுத்துக்கு ஷிப்டை அமத்த ஒவ்வொரு முறையும் உன்ர கையைக் கடன் கேக்கச் சொல்லுறியோ, எடி?"

அதற்காக நீ எழுதியது, தட்டியதையெல்லாம் முதலில் சின்ன எழுத்தாக்கிவிடும் ஒரேயொரு வரி. மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும் அது தொடாது. பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதுவது அதற்குள்தான். "ஆக்களின்ர பேரில நாங்கள் கை வைக்கப்படாது" என்றாய்.

எங்கள் நிலையத்துக்குப் புதிதாக வந்த இணைப்பாளர் அந்த வரியை எடுத்துவிட்டார். உலகத் தரம் வேண்டுமாம். இனிக் கட்டளை எல்லாம் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டுமாம். "அவாவின்ர வழியில நடப்பம்" என்று உன் நினைவு நாளில் பேசியவரும் இவர்தான். தூ!

ஜெயபுரத்திலிருந்து வருகிற தயாளினிக்கும் உன்னைப்போல ஒரு கைதான். இன்று அவள் தட்டியது எல்லாம் சிவப்புப் பிழையாக வந்தது. "கப்ஸ் லொக் இருக்குத்தானே" என்றார் இணைப்பாளர். ஒவ்வொரு சொல்லுக்கும் அதைப் போட்டு, எடுத்து, திரும்பப் போட்டு, அவள் வியர்த்துப்போனாள்.

"அக்கா, நான் நாளைக்கு வரேல்லை."

அதைக் கேட்டும் அந்த மனிதர் ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க அவளைத்தான் கூப்பிட்டார். உன் படத்துக்குப் பக்கத்தில், அந்த நாறல் மாலையடியில் நிறுத்தினார்.

"தங்கச்சி, அந்தக் கையைக் கொஞ்சம் தூக்குங்கோ. வடிவாத் தெரியட்டும்."

தயாளினி அந்தப் பாதிக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். நான் இடையில் புகுந்து மாலையை இழுத்து அவருடைய குப்பைக் கூடைக்குள் போட்டேன். சாறு அவர் வெள்ளைச் சேர்ட்டில் தெறித்தது. நல்லாய் வேண்டும். பிறகு அவர் கண்முன்னாலேயே உன் வரியைத் திரும்ப எழுதினேன்.

"ஆரைக் கேட்டு இதைச் செய்யிறீங்கள்?"

"எழுதினவளைக் கேட்டு."

தயாளினி கணினி முன்னால் இருந்து இடக்கையால் தட்டினாள். வெளியே மோட்டர் இரைந்தது. போகும்போது, "நாளைக்கு வாறன், அக்கா" என்றாள்.

சவர்க்காரம் போட்டுக் கழுவியும் என் விரல்களில் நாற்றம் போகவில்லை. அந்த வரியை அவர்கள் திரும்பவும் அழிப்பார்கள், என்னையும் வீட்டுக்கு அனுப்பக்கூடும். உன் மொழி என் சாவிக்கொத்தில், பென்டிரைவில் தொங்குகிறது. எத்தனை தரம் அழித்தாலும் திரும்பப் போடுவேன். எனக்கு இரண்டு கை இருக்கிறதே, எடி.